கோலில் கட்டிய புது மடி

அன்று மாலை கடற்கரை வாடிக் கொட்டிலில் இருந்தவர்கள்: கரைவலைச் சம்மாட்டியார், அவருடைய மண்டாடி, கயிறு இழுக்கும் ஒன்பது இளந்தாரிகள், அதே கயிற்றில் வயது போன என் அப்பா, கழகச் செயலாளர் என்ற பெரிய பெயரோடு நான், வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கழுதை. இல்லாதவர் ஒரேயொருவர்: எங்கள் கோல் கீப்பர். அவர் மன்னார் ஆஸ்பத்திரியில் வலது கைக்கு பிளாஸ்டர் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். முந்திய நாள் பயிற்சியில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து, பந்தை விட்டுவிட்டுப் பனங்குற்றிக் கோல் கம்பத்தைப் பிடித்துவிட்டார்.

இனி யார் கோலில் நிற்பது என்பதுதான் கூட்டத்தின் விடயம். அதை நான் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் உயர்தரம் எழுதிய முதல் ஆள் நான். கம்பஸ் அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருந்த அந்த மாதங்களில், எதையும் விதிப்படி செய்தால் உலகம் சீராக ஓடும் என்று உறுதியாக நம்பினேன்.

அது சமாதான காலம் என்று பெயர் வைத்த காலம். சுடுவதை நிறுத்தியிருந்தார்கள், துவக்கை யாரும் கீழே வைக்கவில்லை. பாதை திறந்தது, மீன் லொறி கொழும்புக்குப் போனது. லொறியோடு போன, எங்கள் மீனை வாங்கும் ஐஸ் முதலாளி, அங்கே ஒரு சாப்பாட்டுக் கடைத் தொலைக்காட்சியில் வெளிநாட்டு உதைபந்தாட்டம் பார்த்துவிட்டு வந்தார். ஆடுகிறவனுக்குச் சம்பளம், பார்க்கிறவனுக்கு டிக்கெட் என்ற அமைப்பு அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதிலும் இரண்டாவது பாதி.

"இது புரொபெஷனல் லீக். சும்மா ஆடுற விளையாட்டில்லை," என்று அவர் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். ஐந்து கழகங்கள் சேர்ந்தன. தலைமன்னார்காரர், அரிப்புக்காரர், அகதிகளாக இருந்த புத்தளத்திலிருந்து தங்கள் ஊருக்குத் திரும்பி வந்து வீட்டுக்குக் கூரை போடுவதற்கு முன் கழகம் தொடங்கிய முஸ்லிம் பொடியன்கள், வெள்ளாங்குளத்திலிருந்து சப்பாத்தில்லாமல் எங்களைவிட வேகமாக ஓடும், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய தோட்டக்காட்டுப் பிள்ளைகள், பிறகு நாங்கள். டிக்கெட் காசில் பாதி முதலாளிக்கு. மற்றப் பாதி ஆடிய இரண்டு கழகங்களுக்கும், வென்றவனுக்குக் கொஞ்சம் கூட. இறுதியாட்டத்தில் மட்டும் வென்றவனுக்கே முழுவதும், தோற்றவனுக்கு வெறுங்கை.

எங்கள் கழகம் என்பது சம்மாட்டியாரின் கரைவலைக் கூட்டம்தான். கடலில் வளைத்துப் போட்டுக் கரையிலிருந்து கயிற்றால் இழுக்கும் அந்த வலையும், வள்ளமும் அவருடையவை. மண்டாடி கரையில் நின்று மீன் கூட்டத்தின் போக்கைப் பார்த்துத் துணி வீசி வழி சொல்வார். துணி போகிற பக்கம் கயிறு போகும். காசு வரும் என்று கேட்டதும் சம்மாட்டியார் சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

"காசெண்டால் பங்கு. பங்கெண்டால் வலைச் சட்டம். பந்தும் வலையும் எனக்கு ஒண்டுதான்."

அப்படியே பங்கு பிரித்தார். ஆடுகிற பதினொருவருக்கும் ஆளுக்கொன்று. மண்டாடிக்கு ஒன்றரை. கோயில் மாதாவுக்கு ஒன்று. தனக்கு வலைப் பங்கு மூன்று.

"விளையாட்டிலை வலை எங்கை இருக்கு?" என்று கேட்டேன்.

"கோலிலை கட்டுறது ஆற்றை வலை, தம்பி? உன்ரை கொப்பற்றையோ?"

அப்பா குனிந்து சிரித்தார். சம்மாட்டியார் இன்னொரு பங்கும் சொன்னார். கரையில் காயப்போட்ட மடியை, அதாவது மீன் வந்து விழும் வலைப் பையை, நாயும் கழுதையும் கடிக்காமல் காவல் பார்ப்பவனுக்குக் கரைவலையில் எப்போதும் ஒரு பங்கு உண்டு. அவன் கயிற்றைத் தொடக்கூடத் தேவையில்லை. பந்தில் அப்படியொரு வேலை இல்லை என்பதால் அந்தப் பங்கை வெட்டிவிட்டார்.

கை முறிந்த கோல் கீப்பரின் கதைக்கு வருகிறேன். அவர் வீட்டில் மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும். கை முறிந்ததால் கயிறு இழுக்க ஏலாது. வலையில் முறிந்திருந்தால் வலை சோறு போடும், அது சட்டம்.

"ஆனால் முறிஞ்சது பந்திலை. அப்ப பந்துதான் சோறு போடவேணும்," என்றார் சம்மாட்டியார். "அவன்ரை இடம் அவன்ரை வீட்டின்ரை இடம். வீட்டிலிருந்து ஒரு ஆம்பிளை வந்து நிண்டால் பங்கு போகும். வராட்டி இல்லை."

"சம்மாட்டியார், புரொபெஷனல் லீக்கிலை திறமையைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறது," என்றேன்.

"கயிறு இழுக்கிறதுக்கு நான் ஆற்றையன் திறமையைப் பார்த்தனானே? உன்ரை கொப்பரைப் பார்த்தோ எடுத்தனான்? உன்ரை கொப்பாட்டன் நிண்ட இடமெண்டு எடுத்தனான்."

எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் கழுதையும் காதை ஆட்டியது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அந்த வீட்டில் அவரை விட்டால் இருந்த ஒரே ஆம்பிளை, மனைவியின் தம்பி. சின்ன வயதிலேயே படகில் இந்தியா போய், மண்டபம் முகாமில் வளர்ந்து, அந்த வருடம்தான் திரும்பி வந்திருந்தான். கடற்படை கொடுக்கும் மீன்பிடிப் பாஸ் இன்னும் கிடைக்கவில்லை. அதனால் வலைப்பக்கம் போக முடியாது. ஊர் முழுவதும் அவனை இந்தியா மச்சான் என்றுதான் கூப்பிட்டது.

"பந்து பிடிப்பியோ?" என்று கேட்டேன்.

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க? ஸ்லிப்புல நின்னா ஒண்ணு விடமாட்டேன்."

ஸ்லிப் என்றால் என்ன என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அவன் வாழ்க்கையில் ஆடிய ஒரே விளையாட்டு கிரிக்கெட்.

முதல் ஆட்டம் அரிப்பில். ஐஸ் லொறியின் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு மேல் இருந்து போனோம். போய்ச் சேரும்போது எங்களில் மீன் மணமும், சாரத்தின் பின்பக்கத்தில் ஈரமும். சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரப் பொடியன் பந்தை வாங்கி அமுக்கிப் பார்த்தான், காதில் வைத்துக் கேட்டான், நிலத்தில் ஒரு தரம் தட்டினான். பிறகு "கோல் கீயத?" என்று விரல்களை விரித்து, எத்தனை கோல் அடிப்பீர்கள் என்று கேட்டான். நாங்கள் எல்லோருமாக ஐந்து விரல் காட்டினோம்.

ஆட்டத்தின் முதல் அரை மணி நேரம் இந்தியா மச்சான் எங்களை வெட்கப்பட வைத்தான். எனக்குத்தான் அதிகம் வெட்கம். வானத்தில் வந்த பந்து ஒன்றையும் அவன் விடவில்லை. ஒற்றைக் கையால் பிடித்தான், பின்னால் சாய்ந்து பிடித்தான், நிலத்தில் உருண்டு பிடித்தான். கோல் கீப்பர் கட்டுப்போட்ட கையோடு கோலுக்குப் பின்னால் நின்று, "பாத்தியளோ, என்ரை வீட்டு ஆம்பிளையை!" என்று அரிப்புச் சனத்துக்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தார்.

அப்போது அரிப்புக்காரன் ஒருவன் மூலையைப் பார்த்து ஒரு அடி அடித்தான். எல்லோரும் கோல் என்று வாயைத் திறந்தோம். மச்சான் மீன்கொத்தி மாதிரிப் பறந்துபோய் அதைப் பிடித்தான். பிடித்தவன், முகாமில் பதினைந்து வருடம் செய்த பழக்கத்தில், "அவுட்!" என்று கத்திக்கொண்டு பந்தை வானத்துக்கு எறிந்தான். இரண்டு கையையும் விரித்து எங்களைப் பார்த்து ஓடி வந்தான். பந்து ஆறுதலாக மேலே போய், ஆறுதலாகக் கீழே வந்து, அவனுக்குப் பின்னால் ஒரு தரம் துள்ளி, கோலுக்குள் போய் நின்றது.

பிறகு அரிப்பு முழுவதும் சிரித்தது. மத்தியஸ்தர், ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர், விசிலை ஊத முடியாமல் வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றோம்.

திரும்பும்போது சாவடியில் அதே ஆமிக்காரன். "கோல் கீயத?" என்றான். யாரும் விரல் காட்டவில்லை. லொறிச் சாரதி நடந்ததை அரைகுறைச் சிங்களத்தில் சொல்லி, கையாலும் காட்டினான். ஆமிக்காரனுக்குக் கிரிக்கெட் தெரியும். துவக்கை மண்மூட்டையில் சாய்த்து வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்று எங்களைச் சோதிக்கவில்லை.

வாடியில் யாரும் சிரிக்கவில்லை. தோற்ற பங்கு சின்னப் பங்கு.

"இன்னொருதரம் எறிஞ்சான் எண்டால் கோல் வேறை வீட்டுக்குப் போகும்," என்றார் சம்மாட்டியார். "வீட்டுக்கு இடம் குடுக்கிறது சட்டம். இடத்தைக் கெடுத்தால் எடுக்கிறதும் சட்டம்."

கோல் கீப்பர் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அது பந்துக் கதை இல்லை. ஒரு பருவத்து அரிசி.

அடுத்த ஆட்டத்திலிருந்து கோலுக்குப் பின்னால் அவர் தனியாக நிற்கவில்லை. மனைவியும் வந்து நின்றார். மச்சானின் கைக்குப் பந்து வரும் ஒவ்வொரு முறையும் இருவரும் ஒரே குரலில் கத்துவார்கள்.

"எறியாதை! பிடிச்சுக்கொண்டு நில்!"

"தம்பி, எறிஞ்சியெண்டால் வீட்டுப் பக்கம் வராதை! மண்டபத்துக்கே போ!"

மச்சான் பந்தை நெஞ்சோடு அணைத்து, கண்ணை மூடி, வாய்க்குள் எதையோ எண்ணுவான். ஆசை அடங்கியதும் உதைப்பான். இந்த முறையில் நாங்கள் வெள்ளாங்குளத்தோடு சமமாக முடித்தோம், புத்தளத்திலிருந்து திரும்பிய பொடியன்களை வென்றோம், தலைமன்னாரையும் எப்படியோ வென்றோம். வென்றதில் எங்கள் மைதானத்துக்கும் பங்குண்டு. மைதானத்தின் ஒரு நெடும் பக்கம் கடல். மற்றப் பக்கம் முள்ளுக்கம்பி. அதற்கப்பால் மண்டையோடு கீறிய சிவப்பு மிதிவெடிப் பலகை. அங்கே போன பந்தை எடுக்க ஆளில்லை என்பதால் எந்தக் கழகமும் கம்பிப் பக்கத்தால் முன்னேறாது. எல்லாத் தாக்குதலும் கடற்கரைப் பக்கத்தால்தான் வரும். நான் இடது பின்காவல். முதற்பாதியில் உலகம் முழுவதும் என் மேலால் ஓடும். பக்கம் மாறிய பிறகு கம்பியைப் பார்த்துக்கொண்டு தனியே நிற்பேன்.

இறுதியாட்டம் எங்களுக்கும் தலைமன்னாருக்கும். முதலாளி எங்கள் மைதானத்தில் வைத்தார். அரசாங்கக் கந்தோர் ஐயாமார் வருகிறார்கள், மாதா கோயில் சுவாமி வருகிறார் என்று கேட்டதும் சம்மாட்டியாருக்குப் பெருமை தலைக்கேறியது. லீக்கில் ஒவ்வொரு கழகமும் தன் கோலுக்குத் தன் வலையைக் கட்டவேண்டும். பருவம் முழுவதும் நாங்கள் கட்டியது பொத்தல் விழுந்த ஒரு பழைய மடி. அன்று அவர் அதை உதறிவிட்டு, கடலில் நாலு தரம்கூட இறங்காத புது நைலோன் மடியைக் கொண்டுவந்து கோலில் கட்டுவித்தார். மடிக்கு மேல் ஒரு கடதாசிப் பூமாலையும் போட்டார். வென்றால் போடவென்று மச்சானுக்கும் மற்றவர்களுக்கும் நிஜப் பூமாலை முன்கூட்டியே வாங்கி வாளியில் நனைத்து வைத்திருந்தார்.

"சம்மாட்டியார், கடல் இப்ப நல்லாய்க் கிடக்கு. மடி வலையிலை இருக்கிறதெல்லோ நல்லது?" என்று என் அப்பா மெதுவாகச் சொன்னார்.

"ஒரு பின்னேரம் மீன் வராட்டி கடல் வத்தாது," என்றார் அவர்.

மண்டாடி மட்டும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துணியைத் தோளில் போட்டபடி, கடலைப் பார்த்து நின்றார். அது அவருடைய பழக்கம். ஆட்டத்தையும் அவர் அப்படித்தான் நடத்துவார். சத்தத்தை வைத்தே நிலைமையை அறிந்து, திரும்பாமல் துணியை வீசுவார். எங்கள் ஒன்பது பேரும் துணி போகிற பக்கம் ஓடுவார்கள். நான் எழுதிக் கொடுத்த ஆட்டத் திட்டத்தை யாரும் பார்க்கவில்லை.

முதற்பாதி ஒன்றுக்கு ஒன்று. இடைவேளையில் பக்கம் மாறவேண்டும். பக்கம் மாறினால் வலையும் மாறும். தலைமன்னாரானின் முதுகுக்குப் பின்னால் தன் மடி நிற்பதைச் சம்மாட்டியார் சகிக்கமாட்டார். ஆகவே மடியை அவிழ்த்து, மைதானத்தின் மற்ற முனைக்குச் சுமந்து, அங்கே கட்டினோம். அவசரத்தில் பாதி முடிச்சுத்தான் போட்டோம்.

மடி புதிது, மீன் மணம் புதிது. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு கழுதை, வாடிக் கூட்டங்களுக்கு வருகிற அதே கழுதைதான், கோலுக்குப் பின்னால் வந்து மடியைக் கடிக்க வாயை வைத்தது. மச்சான் ஆட்டத்தை விட்டுவிட்டுப் போய் அதன் முதுகில் இரண்டு போட்டான். மத்தியஸ்தர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். சனம் எல்லாம் பார்த்துச் சிரித்தது. கழுதை கோபித்துக்கொண்டு கம்பிப் பக்கம் போக, எல்லோரும் "அங்காலை போகாதை!" என்று கத்தித் திருப்பினார்கள். பிறகு ஆட்டம் தொடர்ந்தது.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்போது மண்டாடியின் தோள் அசைந்தது. துணி தோளிலிருந்து இறங்கியது. அவர் அதை மைதானத்தின் எந்தப் பக்கமும் வீசவில்லை. நேரே கடலுக்கு வீசினார்.

"பாரை! பாரையடா!"

கரைக்குப் பக்கத்தில் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. அதற்கு மேல் பறவைகள் விழுந்து விழுந்து எழும்பின. அவ்வளவு பெரிய பாரை மீன் கூட்டம் அந்தக் கரைக்கு வந்து நெடுநாளாகிவிட்டிருந்தது.

எங்கள் நடுக்கள ஆள் அப்போது பந்தோடு போய்க்கொண்டிருந்தான். பந்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். அவனுக்குப் பின்னால் மற்ற எட்டுப் பேரும். மைதானத்தின் மற்றப் பக்கத்தில் கந்தோர் ஐயாவோடு ஒட்டிக்கொண்டிருந்த சம்மாட்டியார் சாரத்தை மடித்துக் கட்டியபடி எழும்பிக் கத்தினார்.

"மடி! மடி எங்கையடா?"

மடி மச்சானுக்குப் பின்னால் இருந்தது.

நாலு பேர் வந்தார்கள். பாதி முடிச்சை அவிழ்க்கவும் பொறுமையில்லை, இழுத்தார்கள். கம்பத்து ஆணியில் மாட்டிச் சர்ரென்று ஒரு பக்கம் கிழிந்தது. கடதாசி மாலையோடு மடியைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வள்ளத்துக்குப் பறந்தார்கள். மச்சான் இரண்டு கம்பத்துக்கும் நடுவில், பின்னால் வெட்டவெளியோடு, வாயைப் பிளந்து நின்றான்.

"அண்ணே, என்னண்ணே இது? பெவிலியனுக்குப் போறாங்களா?"

நானும் ஓரடி வைத்தேன். கயிற்றுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த அப்பா திரும்பிப் பார்த்துக் கையை நீட்டினார்.

"நீ நில்! கயிற்றிலை கை வைச்சியெண்டால் காலை முறிப்பன்!"

என்னைப் பள்ளிக்கு அனுப்பிய நாளிலிருந்து அவர் என்னை அந்தக் கயிற்றைத் தொட விட்டதில்லை. நின்றேன். ஆகவே எங்கள் கழகத்தில் மிஞ்சியது இரண்டு பேர்: பாஸ் இல்லாதவனும் படித்தவனும்.

"ரெண்டு பேரோடை ஆட்டம் நடத்த ஏலாது," என்றார் மத்தியஸ்தர். "ஏழு பேர் வேணும். நிப்பாட்டுவம்."

முதலாளிக்கு ஒரு கண் கடலில். அந்த மீனை வாங்கப்போவது அவர்தான். மற்றக் கண் டிக்கெட்டில்.

"நிப்பாட்டினால் சனம் காசைத் திருப்பிக் கேக்கும், சேர். முழு ஆட்டத்துக்கும் டிக்கெட் வித்தனான். ரெண்டு பேரெண்டாலும் மணி அடிக்கிற வரைக்கும் ஓடட்டும்."

மத்தியஸ்தர் விசில் ஊதினார். தலைமன்னார்காரர் எங்களைப் பார்த்தார்கள், கடலைப் பார்த்தார்கள். கயிற்றில் கை கொடுக்கிற எவனுக்கும் கைநிறைய மீன் உண்டு என்பது கரையெங்கும் வழக்கம். அவர்களுடைய கோல் கீப்பர்தான் முதலில் ஓடினார். அவருக்குப் பின்னால் இன்னும் ஒருவர். மிச்ச ஒன்பது பேரும் எங்களை நோக்கி வந்தார்கள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் ஆடியது உதைபந்தாட்டம் என்று சொல்லமாட்டேன். பந்து என் முகத்தில் பட்டது, முதுகில் பட்டது, ஒரு தரம் நான் விழுந்து கிடக்கையில் என்னில் பட்டுத் திரும்பிப் போனது. காலில் பட்ட ஒரேயொரு முறை, வெறுமையாகக் கிடந்த எதிர்க் கோலைப் பார்த்தேன். அது தலைமன்னார் இறங்குதுறை அளவு தூரத்தில் தெரிந்தது. யோசிக்காமல் பந்தைக் கடலுக்குள் அடித்தேன். அதை நீந்தி எடுத்துவர அவர்களுக்குக் கொஞ்ச நேரம் போனது. திரும்பத் தந்ததும் திரும்பவும் கடலுக்குள் அடித்தேன்.

"டேய் படிச்சவனே, இதையோ பள்ளிக்கூடத்திலை படிச்சனி?" என்று ஈரம் சொட்டச் சொட்டக் கேட்டான் ஒருவன்.

மச்சான்தான் ஆடினான். குனிந்து பிடித்தான், பாய்ந்து பிடித்தான், ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழும்புவதற்குள் அடுத்தது வந்தது. பின்னால் அக்காவும் அத்தானும் தொண்டை கிழிய, "எறியாதை! எறியாதை!" கரையில் வள்ளம் சுற்றி வந்து கயிறு இறங்கியிருந்தது. "ஏலேலோ" சத்தத்துக்கு நடுவில் மச்சான் பிடித்துக்கொண்டே இருந்தான்.

கடைசி அடி வலது கம்பத்தை உரசிக்கொண்டு போனது. மச்சானின் விரல் பட்டதோ படவில்லையோ. பந்து போய், பின்னால் நின்ற கை முறிந்த கோல் கீப்பரின் காலடியில் நின்றது. வலை இருந்திருந்தால் கேள்வியே இல்லை. வலை கடலில் இருந்தது.

"கோல்!" என்றார்கள் அவர்கள்.

"வைட்! வைட் பால்!" என்றான் மச்சான்.

மத்தியஸ்தர் ஓடிவந்து கோல் கீப்பரைப் பார்த்தார். கம்பத்துக்குப் பின்னால் நேர்கோட்டில் நின்றவர் அவர் ஒருவர்தான்.

"நீர்தான் கண்டனீர். உள்ளாலையோ, வெளியாலையோ?"

வெளியால் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆட்டம் சமனாய் முடியும், பங்கில் பாதியாவது வரும், மூன்று பெண் பிள்ளைகளும் அந்த மாதம் சாப்பிடுவார்கள். மனைவி அவருடைய காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது. அவர் காலை இழுக்காமல் நின்று யோசித்தார்.

"உள்ளாலை, சேர்."

மனைவி தலையில் கை வைத்தார். மச்சான் மணலில் இருந்துவிட்டான்.

"என்னத்தான் இப்படிப் பண்ணிட்டீங்க!"

"நான் இன்னும் கோலிலை நிக்கவேண்டியவன், தம்பி. நான் பொய் சொன்னால் நாளைக்கு நான் வெளியாலை எண்டு சொல்லேக்கை ஆர் நம்புவான்?"

மணி அடித்தது. இரண்டுக்கு ஒன்று. கோப்பையை வாங்கத் தலைமன்னாரின் தலைவன் வந்தான், கைதட்ட ஆளில்லை. கந்தோர் ஐயா, சுவாமி உட்பட சனம் முழுவதும் கரையில் நின்றது.

நாங்கள் போனபோது மடி கரைக்கு வந்துவிட்டிருந்தது. கிழிந்த பக்கத்தால் கொஞ்சம் தப்பியிருந்தும் பாரை மலைபோலக் கிடந்து துடித்தது. கடதாசி மாலை கூழாகி மீன்களோடு சேர்ந்து வந்திருந்தது. சம்மாட்டியார் பங்கு பிரிக்கத் தொடங்கினார். வலைக்கு, மாதாவுக்கு, மண்டாடிக்கு, கயிற்றுக்காரருக்கு.

கோல் கீப்பர் கட்டுப்போட்ட கையோடு முன்னால் வந்து நின்றார்.

"என்ரை வீட்டுப் பங்கு?"

"கயிறு பிடிச்சவனுக்குத்தான் பங்கு. உன்ரை மச்சான் பந்து பிடிச்சான். பந்துப் பங்கை நீயே வாயாலை குடுத்திட்டாய்."

"பந்தும் வலையும் ஒண்டெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"சொன்னனான். அதுக்கு?"

"மடி ஆற்றை காவலிலை நிண்டது, சம்மாட்டியார்? பின்னேரம் முழுக்க ஆர் அதுக்கு முன்னாலை நிண்டது? கழுதை கடிக்க வரேக்கை ஆர் துரத்தினது? மத்தியஸ்தர் விசில் ஊதினவர். சுவாமியும் கண்டவர். மடிக் காவல்காரனுக்குப் பங்கில்லையெண்டு எந்தக் கரையிலை சட்டம்?"

சுவாமி இருமுவது போல் வாயைக் கையால் மூடிக்கொண்டார். முதலில் சிரித்தது மண்டாடி. கடலைப் பார்க்காமல் அவர் எங்களைப் பார்த்துச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

"குடும், குடும். ஆள் மடக்கிப்போட்டான்," என்றார்.

சம்மாட்டியார் தாடையைச் சொறிந்தார். பிறகு குவியலிலிருந்து நல்ல பெரிய பாரைகளாகத் தெரிந்து காவல் பங்கை ஒதுக்கி வைத்தார். பந்துப் பங்கைவிட அது பெரிது. அந்த வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் போதும். முதல் மீனை எடுத்து மச்சானின் கையில் கொடுத்தார்.

பருவம் முழுவதும் அடக்கி வைத்த ஆசை. அக்கா வாயைத் திறப்பதற்குள் மச்சான் "அவுட்!" என்று கத்திப் பாரையை வானத்துக்கு எறிந்தான். அது ஆறுதலாக மேலே போய், ஆறுதலாகக் கீழே வந்து, சம்மாட்டியாரின் தோளில் விழுந்தது.

"எனக்கு?" என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "நானும் ஓடாமல் நிண்டனான்தானே."

"நீ சட்டம் கதைக்கிற படிச்சவன், தம்பி. நீயே சொல்லு. கயிறும் பிடிக்கேல்லை, கழுதையும் துரத்தேல்லை."

கடைசியில் இரங்கி ஒரு பாரைத் தலையை எறிந்தார். அம்மா அன்று அதில் சொதி வைத்து, "எங்கடை பொடியன்ரை முதல் சம்பளம்" என்று அயலுக்கெல்லாம் ஒவ்வொரு கிண்ணம் அனுப்பினார்.

அந்த லீக் அந்த ஒரு பருவத்தோடு சரி. அடுத்த வருடம் பாதை பூட்டியது, வெள்ளாங்குளத்துப் பிள்ளைகள் எந்தப் பக்கம் போனார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. சாவடியில் பந்தை அமுக்கிப் பார்த்த பொடியனும் மாறிப் போய்விட்டான். ஆனால் கணக்கு மட்டும் வாடியில் நெடுநாள் ஓடியது. பாரை நல்ல விலைக்குப் போனதைச் சம்மாட்டியார் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் சொல்வது நட்டக் கணக்கை மட்டும்தான்: ஆட்டத்தை விட்டு ஓடியதற்கு ஐஸ் முதலாளி மீன் விலையில் கழித்த தண்டம் ஐயாயிரம், கிழிந்த மடியைப் பின்ன நூல் அறுநூற்றைம்பது, வாளியில் வாடிப்போன வெற்றி மாலைகள் நூற்றைம்பது. ஆக மொத்தம் ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய்.